கியாஸ் செபமாலையும் ஆவுடையப்பன் பஸ்ஸும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கியாஸ் வைத்து இரும்பைப் பற்றவைக்கத் தெரிந்தவன் செபமாலை ஒருவன்தான். இதை ஊரார் சொல்லும்வரை காத்திருக்கிற பொறுமை அவனுக்குக் கிடையாது. பட்டறைக்குள் கால் வைக்கிறவனிடம் அவனே முதலில் சொல்லிவிடுவான். அப்புறம் வந்தவன் கொண்டுவந்த சாமானைப் பார்ப்பான். "இதை வண்டின்னு ஒங்ககிட்ட எவன் சொன்னான்?" என்று கேட்பான். அதற்கும் வந்தவன் சும்மா நின்றால், அவனுடைய மூளை, அவனுக்கு வண்டி விற்றவனுடைய மூளை, இதற்குமுன் அதைத் தட்டிக் கொட்டிக் கொடுத்த கொல்லனுடைய மூளை எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டு, மொத்தமும் ஓர் அம்மன் காசு பெறாது என்று தீர்ப்புச் சொல்வான். ஜனங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்வார்கள். உடைந்த இரும்பை வைத்துக்கொண்டு ரோஷம் பார்க்க முடியுமா?

வேலை என்னவோ சுத்தமான வேலை. அதில் யாரும் வாய் திறக்க முடியாது. தகர டிரம்மில் கார்பைடு கல்லைப் போட்டுத் தண்ணீரைச் சொட்ட விட்டால் அழுகின பூண்டு மாதிரி ஒரு நாற்றத்தோடு கியாஸ் கிளம்பும். அதையும் சிலிண்டரிலிருந்து வருகிற பிராணவாயுவையும் குழாயில் சேர்த்துப் பற்றவைத்து, நீலத் தீயின் முனையை நெல் முளை அளவுக்குச் சுருக்கிக்கொள்வான். கறுப்புக் கண்ணாடிக்குள் அவன் கண் என்ன பார்க்கிறதோ, இரண்டு இரும்பும் உருகி ஒன்றோடொன்று குழைந்துவிடும்; ஆறின பிறகு எது எந்த இரும்பு என்று அவனுக்கே தெரியாது. அந்தத் தீ எரிகிற நேரம் மட்டும் அவன் வாய் மூடியிருக்கும். அதனால்தான் அவன் வேலை அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் சொல்வார்.

ஆவூர்ப் பக்கத்துக் கிராமம் அவனுக்கு. வானம் பார்த்த காட்டில் மண்வெட்டி பிடிக்கப் பிடிக்காமல் இளவட்டத்திலேயே ரயில் பட்டறைக்கு ஓடிப்போய்த் தொழில் கற்றவன். அங்கேயே இருந்திருந்தால் இந்நேரம் சட்டைப் பையில் கடிகாரச் சங்கிலி தொங்கும். ஒருநாள் மேஸ்திரியிடம், "நீங்க பிடிக்கிற தீயில அப்பளம்கூடப் பொரியாது" என்று சொன்னான். சங்கதி அதோடு முடிந்தது. காரைக்குடியில் ஓர் அரிசி மில்லின் கொதிகலத்தைப் பற்றவைக்கப் போனவன், மில் முதலாளியின் மருமகனைப் பார்த்து, மில்லில் உமி அதிகமா, மாப்பிள்ளை தலையில் உமி அதிகமா என்று கேட்டான். மதுரையில் ஓர் இன்ஸ்பெக்டரின் மோட்டார் சைக்கிள் சட்டம் முறிந்து வந்தது. "இந்த ஒடம்பைச் சொமக்க மோட்டார் சைக்கிள் காணாதுய்யா, ஒரு யானை வாங்குங்க" என்றான். அன்று சாயங்காலமே குடும்பம் ரயில் ஏறியது.

ஒவ்வொரு ஊரிலும் பெட்டி கட்டியவள் அவன் மனைவி சந்தனம். புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரு பித்தளைக் குத்துப்போணி, ஒரு மாதா படம், நிறையச் சலிப்பு. வந்த இடத்தில் அவளுக்கு நல்ல காலம் வந்தது. பஸ் முதலாளி ஆவுடையப்பனின் மனைவி பிரகதாம்பாள் சொல்லிவிட்டதில், பெண்கள் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது. குடியிருக்கிற ஓட்டு வீடும் அவர்கள் வீடுதான். மாசம் பிறந்தால் சம்பளம், கரை போட்ட வெள்ளைச் சேலை, வார்டில் நாலு பேர் "சந்தனம்மா" என்று கூப்பிடுகிற மரியாதை. முப்பத்தைந்து வயசில் முதன்முதலாக அவள் ஒரு முருங்கைக் கொம்பை நட்டு, அது காய்க்கும்வரை ஓர் ஊரில் இருந்தாள்.

அந்த முருங்கைக்காயைக் குழம்பில் போட்டுப் பரிமாறிய அன்றைக்குத்தான் புருஷனிடம் சொன்னாள். சண்டை போட்டுச் சொல்லவில்லை. சாதம் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இத்தனை ஊரு ஒங்க வாயாலதான் போச்சு. நான் ஒண்ணும் சொல்லல, பின்னாடியே வந்தேன். இனிமே வர மாட்டேன். இந்த ஊரையும் பேசிக் கெடுத்தீகன்னா நீங்க மட்டும் போங்க. நான் இங்கிட்டுத்தான் இருப்பேன்."

செபமாலை சிரித்து மழுப்பப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவனுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அவள் இல்லாமல் ஒரு ஊரிலும் அவன் ஒருவேளைச் சோறு பொங்கித் தின்றதில்லை.

இந்த நிலைமையில்தான் ஆவுடையப்பன் பஸ் பட்டறைக்கு வந்தது.

உலகச் சண்டைக் காலம் அது. பெட்ரோலுக்குக் கூப்பன். பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தன. பஸ்ஸின் முதுகில் ஆளுயர இரும்பு டிரம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் அடுப்புக்கரியைக் கொட்டி எரித்து, அந்தப் புகையில் என்ஜினை ஓட்டுவார்கள். ஓட்டுவார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. மேடு வந்தால் ஆண் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். ஆவுடையப்பன் பஸ் புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போய்க் குடுமியான்மலை போய்த் திரும்பும். அதில் போகிறவர்கள் வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு ஏறி, நெய்விளக்குத் திரி மாதிரி கறுத்து இறங்குவார்கள்.

பஸ்ஸுக்கு மேலே என்ன குறை? ஒன்றுமில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பெயிண்டு. பக்கவாட்டில் தாமரைப் பூ, அதன் மேல் லட்சுமி, லட்சுமிக்கு இரண்டு பக்கமும் யானை. "சித்தன்னவாசல் பாறையில எழுதுன தாமரைகூட மங்கிப் போச்சு செபமாலை, நம்ம வண்டித் தாமரை பாரு, நேத்துப் பூத்த மாதிரி" என்றார் ஆவுடையப்பன். பட்டு அங்கவஸ்திரமும் காதில் கடுக்கனுமாக அவர் பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே கரி இருக்கிறதே.

செபமாலை கோணியை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். பஸ்ஸின் முழுப் பாரத்தையும் தாங்குகிற நீளச் சட்டங்கள் இரண்டில், இடப்பக்கச் சட்டம் பின்சக்கரத்துக்கு மேலே துருவேறிச் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. விரலால் தட்டினான். புளித்த இட்லி மாதிரி பொதபொதவென்று உதிர்ந்தது. ஓரிடத்தில் விரிசல். அந்த விரிசலின் மேல் யாரோ புண்ணியவான் தார் பூசி, தாரின் மேல் கறுப்புப் பெயிண்டு அடித்து, பெயிண்டின் மேல் விபூதியும் வைத்திருந்தான்.

வெளியே வந்து வாயைத் திறந்தான். மேலே லட்சுமி, கீழே மூதேவி என்று ஆரம்பித்து ஒரு நாழிகை பேசுவதற்கு அவனிடம் சரக்கு இருந்தது. முருங்கைக்காய்க் குழம்பு ஞாபகம் வந்தது. "துரு முதலாளி. வெட்டி எடுத்துட்டு வேற இரும்பு வச்சுப் பத்தவைக்கணும்" என்று மட்டும் சொன்னான். மீதிப் பேச்சை விழுங்கிவிட்டு மரக்கட்டை தேடப் போனான்.

வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பாரத்தை மரக்கட்டைகளில் தாங்கி நிறுத்தி, அழுகிய பகுதியை அடியோடு வெட்டி எறிந்தான். பழைய லாரிச் சட்டத்திலிருந்து நல்ல இரும்பாகத் தேடி எடுத்து, அதே வளைவுக்குத் தட்டி, ஓரங்களைச் சரிவாக அரத்தால் ராவி, சட்டத்தோடு சட்டமாகப் பற்றவைத்தான். விரிசல் மறுபடி ஓடாமல் இருக்க மேலே ஒரு பட்டையையும் ஒட்டுப் போட்டான். பஸ் கிளம்பிப் போனபோது, இனி லட்சுமியின் யானைகள் இரண்டும் உயிரோடு வந்து ஏறினாலும் தாங்கும் என்று சைக்கிள் கடைக்காரரிடம் சொன்னான்.

அது தை மாசம். ஆடி பிறக்கும் முன்னால், அன்னவாசல் ரோட்டில் ஒரு கண்மாய்க் கரைமேல் பஸ்ஸின் பின்பாகம் மடக்கென்று இறங்கி உட்கார்ந்தது. கரி டிரம் தரையில் இழுபட்டுத் தீப்பொறி பறந்தது. இது கொஞ்சம் தள்ளி நடந்திருந்தால் பஸ் மொத்தமும் கண்மாய்க்குள் போயிருக்கும். யாருக்கும் அடியில்லை. சந்தைக்குப் போனவர்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே ஊருக்கு வந்தார்கள். நடந்து வந்தவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே, வழியெல்லாம் செபமாலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அவ்வளவுதான், ஊருக்குக் கொண்டாட்டம். இத்தனை நாளும் அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அத்தனை பேரும் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள். காப்பிக் கடையில் ஒருவன் கிழிந்த துண்டைக் காட்டி, "செபமாலைகிட்ட கொண்டுபோ, ஆடி வரைக்கும் தாங்கும்" என்றான். ஆவுடையப்பன் பட்டறைக்கே வரவில்லை. வண்டியை மாடு கட்டி இழுத்து அனுப்பிவிட்டு, டிரைவர் சோலையப்பன் மூலம் செய்தி சொல்லி அனுப்பினார்: ஒழுங்காகப் பண்ண முடிந்தால் பண்ணட்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி பண்ணட்டும், திருச்சியிலிருந்து வேறு ஆள் வரவழைத்துக்கொள்கிறேன்.

சந்தனம் அதைக் கேட்டுவிட்டு முருங்கை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் மறுபடி வண்டிக்கு அடியில் போனான். அவன் ஒட்டு உடையவில்லை. முதல் காரியமாக அதைத்தான் பார்த்தான், பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது. ஒட்டுக்கு ஒரு சாண் தள்ளி, நல்ல இரும்பாக விட்டுவைத்த இடம் இப்போது அரித்துப்போய் முறிந்திருந்தது. ஐந்து மாதத்தில் எந்த இரும்பும் இப்படி அரிக்காது. மழையும் இல்லை. ஆனால் சட்டத்தின் உள்பள்ளம் ஈரமாகக் கசகசவென்றிருந்தது. விரலால் வழித்துப் பார்த்தான். ஒரு யோசனை தோன்றி நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது.

உருண்டு வெளியே வந்து சோலையப்பன் சட்டையைப் பிடித்தான். "களவாணிப் பயலே, முதலாளிக்குத் தெரியாம கருவாட்டு மூட்டை ஏத்துறியா? உப்புத்தண்ணி ஒழுகி வண்டி அடியெல்லாம் கரிக்குது."

"அண்ணே, மாரியாத்தா சத்தியமா இல்லண்ணே. சைவக்காரவுக வண்டிண்ணே அது. கருவாடு கொண்டாந்தா ஆளையே எறக்கி விட்ருவாக."

"அப்ப உப்பு எங்கிட்டிருந்து வந்துச்சு? கடல் நடந்து வந்துச்சா?"

சோலையப்பன் அங்குமிங்கும் பார்த்தான். பிறகு தன் தகரப் பெட்டியைத் திறந்து, வாழை இலையில் சுருட்டியிருந்த ஒரு மஞ்சள் துணி முடிச்சை வெளியே எடுத்தான். ஒரு தேங்காய் அளவு இருந்தது. இலையெல்லாம் நீர் கோத்திருந்தது.

"இது அம்மா கட்டுற உப்புண்ணே. கல்லுப்பு, மொளகா, எலுமிச்சம்பழம். கண்ணேறுக்கு. அமாவாசைக்கு அமாவாசை பழசை எடுக்காம அதுமேலயே புதுசையும் வச்சுக் கட்டுவாக. பின்சக்கரத்துக்கு மேல, உள்ளுக்குள்ள, ஆரு கண்ணுக்கும் படாத எடத்துல கட்டணும்னு ஜோசியரு சொல்லிருக்காராம். வண்டி ஒங்ககிட்ட வரும்போதெல்லாம் அவுத்து நான் வச்சுக்கிருவேன். நீங்க வேதக்காரவுக, ஒங்க கை படக் கூடாதுன்னு அம்மா உத்தரவு."

"போன தடவை ஒட்டுப் போட்டப்பறம்?"

"முன்னைக்கு இப்ப ரெண்டு பங்காக் கட்டிட்டாகண்ணே. அத்தனை கண்ணு பட்டதாலதானே ஒடஞ்சுச்சுன்னு."

செபமாலை கோணியில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் முட்டச் சிரித்தான். சிரிக்கச் சிரிக்க அவனுக்கு வார்த்தைகள் ஊறின. பிறந்ததிலிருந்து அவன் எத்தனையோ மடையர்களைப் பார்த்துப் பேசியிருக்கிறான். ஆனால் தன் வண்டி உடையக் கூடாதென்று தன் கையாலேயே அதற்கு உப்பு வைத்து ஊறுகாய் போடுகிற ஆள் இத்தனை காலத்தில் கிடைத்ததில்லை. மேல்வேஷ்டிக்கும் கடுக்கனுக்கும் தாமரைப் பூவுக்கும் சேர்த்து ஒரே பேச்சாகப் பேசிவிடலாம். காப்பிக் கடைக்காரனுக்கு, துண்டைக் காட்டியவனுக்கு, நடந்து வந்தவர்களுக்கு எல்லாம் பதில் இதில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் நின்று பேச வேண்டும் என்று தீர்மானித்தான். முதல் வரியைக்கூட மனசுக்குள் கட்டிவிட்டான்.

நல்லவேளை, முதலில் முதலாளி வீட்டுக்குப் போய் முகத்துக்கு நேரே சொல்லலாம் என்று தோன்றியது. முடிச்சைத் தொடாமல் சோலையப்பனையே தூக்கி வரச் சொல்லி, கீழ ராஜ வீதிக்கு நடந்தான்.

ஆவுடையப்பன் கூடத்து ஊஞ்சலில் இருந்தார். செபமாலை முற்றத்தில் நின்றான். பிரகதாம்பாள் உள்ளிருந்து வந்து தூணோரம் நின்றாள். கனத்த உடம்பு, நெற்றி நிறைய விபூதி, மெல்லிய குரல்.

"சந்தனம் நல்லாருக்காளா? டாக்டரம்மா அவளைப் பத்தி ரொம்ப மெச்சிக்கிறாக. நான் சொல்லிச் சேத்து விட்டதுக்கு எனக்கும் பேரு" என்றாள்.

மனசுக்குள் கட்டி வைத்திருந்த முதல் வரி அப்படியே நின்றுவிட்டது. அவன் குரலைத் தணித்துக்கொண்டு, முடிந்தவரை பணிவாக, விஷயத்தை மட்டும் சொன்னான். ஒட்டு உடையவில்லை. உப்பு நீர் விட்டு ஒழுகி இரும்பைத் தின்கிறது. அந்த முடிச்சு அங்கே இருக்கிறவரை எத்தனை தடவை பற்றவைத்தாலும் முறியும்.

ஆவுடையப்பன் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். "உப்பு இரும்பைத் திங்குமா? தெனம் சோத்துல போட்டுத் திங்கிறோமே, வயிறு ஓட்டையாவா போச்சு? ஏம்ப்பா, ஒன் வேலை சொத்தைன்னா சொத்தைன்னு சொல்லு. அதுக்கு ஏன் வீட்டுப் பொம்பளை பண்ற நேர்த்தியில பழியப் போடுறே?"

செபமாலையின் நாக்கு நுனியில் வந்து நின்ற பதிலை எழுதினால் காகிதம் பற்றிக்கொள்ளும். அதற்குள் பிரகதாம்பாள் பேசினாள்.

"எந்தம்பி நல்லதம்பி அந்த வண்டியிலதான் கண்டக்டரா இருந்தான். படியில நின்னுக்கிட்டு வந்தவன், கண்மாய்க் கரையில விழுந்து பின்சக்கரத்துல போனான். அன்னைக்குக் காலையில ஒருத்தன் எதுக்க நின்னு, வண்டியையும் அவனையும் பாத்து, ராசாவாட்டம் இருக்கானேன்னு சொன்னானாம். அப்ப இருந்து கட்டுறேன். அந்த உப்புதான் இத்தனை பேரையும் பத்திரமா எறக்கி விட்டுக்கிட்டு வருது. இப்பயும் பாருங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஒங்க சாமி வேறயா இருக்கலாம் செபமாலை. எங்க நம்பிக்கையில கை வைக்காதீக."

அவள் கண் கலங்கவில்லை. அது பழகிப்போன துக்கம். ஆனால் கடைசி வார்த்தையில் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் சந்தனத்தின் ஆஸ்பத்திரி வேலை, வெள்ளைச் சேலை, ஓட்டு வீடு, முருங்கை மரம் எல்லாம் இருந்தன. இங்கிட்டு இவன் மட்டும்.

உண்மையைச் சொல்லியாகிவிட்டது, உண்மைக்குக் கிடைத்த மரியாதையையும் பார்த்தாகிவிட்டது. ஒன்று பேசிவிட்டுப் பெட்டி கட்ட வேண்டும். அல்லது பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த தடவை கண்மாய்க் கரையில் பஸ்ஸோடு ஜனங்களும் போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். செபமாலை முற்றத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தன் வாழ்நாளில் எந்த மடத்தனத்தைப் பார்த்தாலும் காறித் துப்பியவன், இப்போது அந்த மடத்தனத்துக்குள்ளேயே இறங்கினான்.

"அம்மா, ஒண்ணு கேக்குறேன். கண்ணு போட்டவன் எங்கிட்டு நின்னு போட்டான்?"

"எதுக்கதான்."

"எவனும் எதுக்க நின்னுதானே போடுவான். போன வண்டியோட முதுகைப் பாத்து எவன் கண்ணு போடப் போறான்? அப்ப உப்பைப் பின்னாடி கட்டுனா, வார கண்ணு முன்னாடி பட்டு, வண்டி பூராம் ஓடி, பின்னாடி வந்துதானே உப்புல எறங்கும். அதான் அங்கன ஒடையுது."

ஆவுடையப்பன் ஊஞ்சலிலிருந்தே இறங்கிவிட்டார். "அதானே" என்றார்.

"முன்னாடி கட்டணும். கண்ணாடிக்கு மேல, மரச்சட்டத்துல. இரும்புல படவே கூடாது. இரும்பு, உப்போட சக்தியைத் தனக்குன்னு இழுத்துக்கிரும். பழசை எடுத்துட்டுத்தான் புதுசு கட்டணும். பழசுல எறங்குன கண்ணு அதுலயே இருக்குமே."

பிரகதாம்பாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இல்லாத ஒரு மரியாதை அவள் முகத்தில் வந்தது. "இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீக?"

"ரயில் பட்டறையிலம்மா. என்ஜினுக்கெல்லாம் முன்னாடிதான் கட்டுவோம்" என்றான் செபமாலை.

உள்ளே போய் அவளே ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதைக் குடித்தான். அவன் வாழ்க்கையில் எத்தனையோ தடவை அடி வாங்கியிருக்கிறான். அந்த மோர்தான் அதிகமாக வலித்தது.

அரித்த சட்டத்தை இந்தத் தடவை முன்னைவிட நீளமாக வெட்டி எடுத்து, புது இரும்பு வைத்துப் பற்றவைத்தான். உள்பள்ளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, தாரைக் காய்ச்சிப் பூசினான். ஒரு வாரம் தூங்காத கண்ணோடு செய்த வேலை அது. அந்த வேலையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வெளியே வந்த அன்று ஊரே கூடிப் பார்த்தது, டிரைவர் தலைக்கு மேல் மரச்சட்டத்தில் தொங்கிய மஞ்சள் முடிச்சைத்தான்.

சட்டம் உடையவில்லை. ஆடி போய் ஐப்பசி மழை வந்து போனது. சண்டை முடிந்தது. கரி டிரம் இறங்கி மறுபடி பெட்ரோல் வந்தது. ஆவுடையப்பன் பஸ் அன்னவாசல் ரோட்டில் குதித்துக் குதித்து ஓடிக்கொண்டே இருந்தது. காப்பிக் கடையில் இப்போது வேறு பேச்சு. உப்பு இடம் மாறினதும் பாருங்கள், வண்டி எப்படி நிற்கிறது என்றார்கள். பத்தவைக்கிறதெல்லாம் எவனும் பத்தவைப்பான், கட்டுகிற இடம் தெரிய வேண்டாமா என்றார்கள். சைக்கிள் கடைக்காரர்கூடப் புது ரிக்‌ஷாவுக்கு எங்கே கட்டலாம் என்று தனியாக வந்து கேட்டுக்கொண்டார்.

பட்டறைக்குக் கூட்டம் வந்தது. லாரி வாங்கினவன், மாட்டுவண்டிக்கு டயர் சக்கரம் போட்டவன், நெல் மில் வைத்தவன் எல்லாரும் எலுமிச்சம்பழத்தோடு வந்து பணிவாக நின்றார்கள். முன்பு அவன் எவ்வளவு நல்ல வேலை செய்தாலும் பல்லைக் கடித்தவர்கள். இப்போது அவன் இரண்டு வார்த்தை திட்டினால்கூடச் சாமியாடி சொன்னதுபோல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். திட்டுவதில் இருந்த ருசியே அவனுக்குப் போய்விட்டது. கும்பிடுகிறவனை எப்படித் திட்டுவது? இவர்களுடைய மூளையை எடை போட எந்தத் தராசும் கிடையாது என்று நினைத்துக்கொண்டான். பிறகு அதே தராசில் தானும்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறோம் என்பதும் ஞாபகம் வந்து, பேசாமல் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

வீட்டில் அவன் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அன்று முதலாளி வீட்டில் என்ன பேசினீர்கள் என்று சந்தனம் கேட்டபோது, "ஒண்ணும் பேசல" என்றான். அவள் நம்பி, மாதா படத்துக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள்.

ஒருநாள் சாயங்காலம் டாக்டரம்மாவின் புதுக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டிலிருந்து சந்தனம் இறங்கினாள். வெள்ளைச் சேலை கசங்காமல் இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து அவன் பட்டறைக்குள் அவள் ஒருமுறைகூட இப்படிச் சிரித்துக்கொண்டு வந்ததில்லை. எப்போதும் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டத்தான் வந்திருக்கிறாள்.

"டாக்டரம்மாவுக்கு இதுல நம்பிக்கை இல்ல. நாந்தான் சொன்னேன், எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும், ஒரு தடவை காமிச்சுட்டு வந்துருவோம்னு" என்றாள். டிரைவர் கேட்காத தூரத்துக்கு அவனை ஒதுக்கிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரி பூராம் ஒங்க பேச்சுத்தான். பிரகதாம்பாம்மா ஒங்களைப் பெரியவுகன்னு சொல்றாக. ஒங்ககிட்ட இப்படி ஒரு ஞானம் இருக்குன்னு தெரியாம இத்தனை வருசமா நான் ஒங்களை மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டே இருந்துட்டேன். வெறும் இரும்பு ஒட்டுற ஆளுன்னு நெனச்சுட்டேன்."

செபமாலை மனைவியைப் பார்த்தான். அவன் பற்றவைத்த கொதிகலங்களும் சட்டங்களும் எத்தனையோ ஊரில் இன்னும் உடையாமல் நிற்கின்றன. அவற்றுக்காக அவள் ஒரு நாளும் இப்படி அவனைப் பார்த்ததில்லை. ஒரு வார்த்தையில் அந்தப் பார்வையை அணைத்துவிடலாம். அந்த வார்த்தை அவனுக்குத் தெரியும். அதைச் சொன்னால் அது வார்டுக்குப் போகும், வார்டிலிருந்து கீழ ராஜ வீதிக்குப் போகும்.

காருக்கு முன்னால் போய் நின்றான். பளபளவென்று இருந்தது, நல்ல இரும்பு. எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு டிரைவர் காத்திருந்தான். பின்னால் சந்தனம் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கோயிலில் நிற்கிறதுபோல் நின்றாள்.

"உள்ளுக்குள்ள, மரப் பலகையில கட்டு" என்றான் செபமாலை. "இரும்புல மட்டும் படாமப் பாத்துக்க."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை.